கிழக்கு பார்த்த கம்ப்யூட்டர்

எனக்குக் கால் விரல்கள் கொஞ்சம் நீளம். அதிலும் வலது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல், கட்டைவிரலைத் தாண்டி முன்னால் நிற்கும். ஒரு பெண்ணுக்கு அப்படி இருந்தால் புருஷனை மிதிப்பாள் என்பார்கள். எங்கள் தர்மபுரிப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். ஆணுக்கு அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. நம் ஜனங்களின் விஞ்ஞான புத்தி இதிலேயே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

டீயைக் குடியுங்கள் மேடம். ஆறிவிட்டால் இந்தப் பெங்களூர் டீயை வாயில் வைக்க முடியாது. காவேரியின் அம்மா தீர்த்தம்மாள் வைத்த வக்கீல் என்று உள்ளே வரும்போதே சொல்லிவிட்டீர்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு நான் ஒவ்வொன்றாகச் சொல்வதைவிட நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எல்லோரும் புத்தியோடு நடந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

எங்கள் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் எண்பத்தேழில் வந்தது. ஜில்லாவிலேயே முதல் கம்ப்யூட்டர் என்று பிரின்சிபால் பச்சியப்பன் சொன்னார். சரிபார்க்க யாரும் போகவில்லை. வந்த அன்றே வாசற்படியில் தேங்காய் உடைத்தார்கள். திரைக்கு நெற்றி எது என்று தெரியாமல் நான்கு மூலைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பிளாப்பி போடுகிற வாய்க்குள் யாரோ விபூதி போட்டார்கள். ஆயுத பூஜைக்கு அதன் முன்னால் பொரிகடலையும் சர்க்கரையும் குவித்துவைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். லீவு முடிந்து திறந்தபோது கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே இருந்து சிற்றெறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பியூன் மாரப்பன் அவற்றைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நசுக்கி, அந்த விரலைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிறகு அதே விரலால் எனக்குப் பொரி எடுத்துக் கொடுத்தான். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. தூசு என்பது வெளியில் சொன்ன காரணம். உண்மையில் பிரின்சிபால் உள்ளே போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஏ.சி., மூடிய ஜன்னல், வெயிலில் நடந்துவந்த பையன்களின் வெறும் கால்கள். ஊறப்போட்ட ஆட்டுத்தோல் நாற்றத்தை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா? அந்த அறையை நினைத்தால் எனக்கு முதலில் மூக்குதான் நினைத்துக்கொள்கிறது.

கொஞ்ச நாளில் கரண்டு ஏறி இறங்கியதில் மிஷின் இரண்டு தடவை அணைந்தது. ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார்கள். தெற்கு பார்த்து உட்கார்ந்தால் எந்த மிஷினும் ஓடாது என்றார் அவர். மேசையைக் கிழக்கு பார்க்கத் திருப்பினார்கள். அதனால் மிஷினின் முதுகு, பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்த என் நாற்காலிக்கு நேராக வந்தது. யார் காலிலும் தடுக்கக் கூடாது என்று மாரப்பன் கீபோர்டு ஒயரை மேசைக்கு அடியில் விட்டு, முதுகுப்பக்கமாக ஏற்றிச் செருகியிருந்தான். ஒயரின் தொய்வு என் வலது காலுக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது.

செருப்பைக் கழற்ற வைத்தவர்கள் அவர்கள். மேசையைத் திருப்பியவர்கள் அவர்கள். விரல் மட்டும்தான் என்னுடையது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காவேரி மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தாள். அப்பா கருப்பண்ணன் தக்காளி விவசாயம். கெட்டிக்காரப் பெண் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். முதன்முதலில் அவள் என்னோடு பேசியது ஒரு சின்ன விஷயம். நான் எழுதிய புரோகிராம் ஓட ஆரம்பித்து நிற்காமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த எழுத்தைத் தட்டியும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாக இருந்த இயற்பியல் வாத்தியார் ஹயாத் பாஷா மிஷினை அணைக்கப் போனார். பின்னால் நின்றிருந்த காவேரி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். நின்றுவிட்டது.

"மிஷினு நல்லாத்தாங்க இருக்குது. உங்க புரோகிராமுதான் செக்குமாடு கணக்கா சுத்திக்கிட்டுக் கெடக்குது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பாஷா சாரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். கல்லூரியில் சிரிக்க வைக்கிறவன் நான். 'பல்லி' என்று ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் சொன்ன நகைச்சுவையை ரசிக்கிற பெருந்தன்மை எனக்கு உண்டு. அவள் போன பிறகு அவள் தொட்ட இரண்டு பொத்தான்களையும் கைக்குட்டையால் துடைத்தேன். மஞ்சள் பூசுகிற கை, பஸ் கம்பியைப் பிடித்த கை. அது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த வருஷம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்து வேலையும் தருவதாக எழுதியிருந்தது. கம்பெனிக்காரர்கள் நேரில் வருவார்கள். அவர்கள் முன்னால் மிஷினில் வேலை செய்து காட்ட வேண்டும். காவேரி நூலகத்துப் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். நல்ல புரோகிராம். எனக்கு வேறு யோசனைகள் இருந்தன, எழுத நேரம் கிடைக்கவில்லை.

அவள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் என் விரல் ஒயரில் பட்டது. தற்செயலாகத்தான். பின்பக்கம் பிளக் நகக்கண் அளவு வெளியே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. திரையில் ஏதோ ஒரு புத்தகத்தின் பெயர் அப்படியே நின்றது. அவள் தட்டினாள், தட்டினாள், ஒன்றும் நகரவில்லை. பாஷா சார் தட்டினார். பிரின்சிபால் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு தட்டினார். நான் எழுந்து, "பின்னாடி தட்டிப் பாக்கறேங்க சார்" என்று மிஷினின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, பிளக்கை அழுத்திவிட்டேன். ஓடியது.

"கைராசின்னா அது" என்றான் மாரப்பன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பொய் பிடிக்காது. அவள் உட்காரும்போது மட்டும் நிற்கும். நான் தட்டினால் ஓடும். மிஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து பிரித்துப் பார்த்துக் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எலுமிச்சம்பழம் கட்டினார்கள். எலுமிச்சம்பழம் அழுகி, அதன் சாறு மானிட்டர் மேல் ஒழுகி, அதில் ஈ மொய்த்தது. அப்போதும் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. இவர்கள் எதுவரை போவார்கள் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அது ஒரு சமூக ஆராய்ச்சி. வேறு உள்நோக்கம் இல்லை.

'பல்லி'யில் ஒரு கட்டுரை எழுதினேன். பெண்கள் வீட்டுக்குத் தூரமாக இருக்கும் நாட்களில் அவர்கள் உடம்பிலிருந்து கிளம்பும் ஒருவகை அலை, கம்ப்யூட்டரின் பச்சைத் திரையை ஸ்தம்பிக்க வைக்கிறது என்று ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதுதான் சாரம். தமாஷ். படித்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, நீ எழுதனது தமாசா, நெசமா?"

"ரெண்டும்தாங்க சார்."

"ஜப்பான்ல எந்த யுனிவர்சிட்டி?"

"பேரு வாயில நுழையாதுங்க சார்."

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். "அதானே பாத்தேன். வாயில நுழையற யுனிவர்சிட்டிக்காரன் இதெல்லாம் எங்க கண்டுபிடிக்கப் போறான்?"

பாஷா சார் சண்டை போட்டார். "வெக்கக்கேடுங்க சார் இது. நான் வாத்தியாரா, என்னா?" என்றார். "அப்ப அந்தப் புள்ள உக்காந்தா மட்டும் ஏன் நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க பாஷா" என்றார் பிரின்சிபால். பாஷா சாரிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

மகளிர் விடுதி ஆயா குள்ளம்மாளைக் கம்ப்யூட்டர் அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணையும் அவள் கேட்க வேண்டும். குள்ளம்மாளுக்குக் காது மந்தம், அதனால் குரல் பெரிது. "ஏம் புள்ளே, வூட்டுக்குத் தூரமா?" என்று அவள் கேட்பது பஸ் ஸ்டாப்வரை கேட்கும். பதிலையும் அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். பையன்கள் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வராந்தாச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்பார்கள். சந்தேகம் வந்தால் குள்ளம்மாள் பெண்ணைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போவாள். அமீனா என்ற பெண் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்து படிப்பையே நிறுத்திவிட்டாள். இப்படி ஒரு ஜனத்தோடு ஒரே ஜில்லாவில் பிறந்தோமே என்று கூசியது. நானும் அந்தச் சுவரில்தான் நின்றேன், ஆனால் ஆராய்ச்சிக்கு நேரடிப் பார்வை அவசியம். வேர்க்கடலை பையன்கள் கொடுத்தது.

காவேரி அழவில்லை. குள்ளம்மாள் கேட்டதும், "ஆமா ஆயா, மூணாம் நாளு. ஏன், மிஷினு மூக்கு வெச்சிருக்குதா மோந்து பாக்க?" என்றாள். அதே சத்தத்தில். பையன்கள் சிரிப்பை மறந்துவிட்டார்கள். கிழவி வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். பிரின்சிபால் உட்பட எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாகப் போனது. ஒரு நிமிஷம் எல்லார் முகத்திலும் சந்தேகம் வந்தது.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆராய்ச்சியைப் பாதியில் விடுவது அறிவியல் முறை இல்லை.

நின்றது. "சார், பின்னாடி கீபோர்டு பிளக் லூசா இருக்கும், கொஞ்சம் பாருங்க சார்" என்றாள் காவேரி. சரியான பதில். அவ்வளவு பேரில் ஒருத்திக்குத்தான் அது தோன்றியது என்பதை நான் இங்கே பெருமையாகவே பதிவு செய்கிறேன். பாஷா சார் குனிவதற்குள் நான் பின்னால் போய், கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "இறுக்கமாத்தாங்க சார் இருக்குது" என்றேன். பிறகு முதுகில் தட்டினேன். ஓடியது.

"பாத்தீங்களா பாஷா?" என்றார் பிரின்சிபால். பாஷா சார் தரையைப் பார்த்தார். காவேரி என்னைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்த மாதிரி இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பார்க்கிற மாதிரி.

அன்றிலிருந்து அவள் அந்த நாட்களில் வருவதில்லை. அவளையே நம்ப வைத்துவிட்டார்கள் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து பேசினாள். "கம்பெனிக்காரங்க என்னைக்கு வருவாங்கன்னே தெரியலீங்க. வர்ற அன்னைக்குப் பாத்து நான் தூரமாயிட்டா ஆயா உள்ளயே வுடாது. இந்த வேலை இல்லன்னா எங்கப்பா மாமன் வூட்டுக்கு வெத்தல பாக்கு மாத்திருவாரு. மாமனுக்கு மூத்த தாரத்துப் புள்ளையே என் வயசுல இருக்குதுங்க."

அவள் என்னிடம் கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். மிஷின் என் பேச்சைக் கேட்கிறது என்ற நம்பிக்கை அவளுக்கு. நான் உதவினேன். மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் விழுங்குகிற மாத்திரையைச் சொன்னேன். விழுங்குகிறவரை தள்ளிப்போகும்.

"அது ரெண்டு நாளு, மூணு நாளைக்குப் போடறதுதானுங்க?"

"நாளு கூடினா மாத்திரை கூடும். அவ்வளவுதான்."

நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். அவள் கடையில் கேட்கக் கூச்சப்படுவாள் அல்லவா? பெட்டிக்குள் ஒரு மடித்த காகிதம் இருந்தது. தலைவலி, காலில் வலி, பார்வை மங்கல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். பெட்டியையும் காகிதத்தையும் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் அவளுக்குத்தானே சங்கடம்.

கம்பெனிக்காரர்கள் மாசியில்தான் வருகிறார்கள் என்று பிரின்சிபால் என்னிடம் ஐப்பசியிலேயே சொல்லியிருந்தார். காவேரி கேட்டபோதெல்லாம், "எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றேன். இது பொய் இல்லை. எதுவும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கார்த்திகை போனது, மார்கழி போனது. மாத்திரை தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். குள்ளம்மாள் கேட்கும்போதெல்லாம் "இல்ல ஆயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாத்திரையால் பயனில்லை என்று விட்டுவிடுவாள். பொங்கல் கழித்துத் தலை வலிக்கிறது என்றாள். திரையைப் பார்த்தால் எல்லோருக்கும் வருவதுதான் என்றேன். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். கெண்டைக்கால் வீங்கியிருந்ததைப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வருவதால் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. யாரும் என்னைப் போல நிதானமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாசியில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் இருவர், அவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். முதலில் காவேரி, அடுத்தது நான். அவள் புதுத் தாவணியில் வந்திருந்தாள். உட்கார்ந்தாள். பக்கம் புரட்டினாள். கோட்டுக்காரர் ஒருவர் "வெரி நைஸ்" என்றார். நான் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தேன். அன்று ஒயரைத் தொடவேண்டும் என்று நினைத்திருந்தேனா என்று கேட்டால், நினைத்திருந்தேன். ஆனால் தொடவில்லை. தொடுவதற்குள் நின்றுவிட்டது.

திரையில் ஒரு புத்தகத்தின் பெயர் அப்படியே இருந்தது. எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். "நின்னுருச்சி, நின்னுருச்சி" என்றான் மாரப்பன். பாஷா சார் அணைத்துப் போட்டார். பிரின்சிபால் வாசலைப் பார்த்து, "குள்ளம்மா, கேட்டியா நீ?" என்று கத்தினார். கிழவி உள்ளே வந்து காவேரியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஏம் புள்ளே, தூரமா நீ? தூரமா?" என்று கேட்டாள். காவேரி பதில் சொல்லவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அதைக் கோபம் என்று நினைத்தார்கள். மாரப்பன் எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினான்.

மிஷின் நிற்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வலது கை கீபோர்டின் மேல் கிடந்தது. விரல்கள் பொத்தான்களின் மேல்தான் இருந்தன, அழுத்தவில்லை. அவ்வளவுதான். கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. நான் எழுந்து முதுகில் தட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

எழுந்திருக்கலாம். ஆனால் அடுத்த முறை என்னுடையது. நடுவில் குழப்பம் ஆனால் கம்பெனிக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். மிஷினை இரண்டு தடவை அணைத்துப் போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றி, ஜன்னலுக்கு வெளியே எறிந்து, அதன் பிறகு அவள் நாற்காலியிலிருந்து சரிந்தபோதுதான் அவளைப் பார்த்தார்கள். பாஷா சார் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர், "என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் நான், பேட்டியில் இருந்தேன்.

என்னிடம் காட்ட புரோகிராம் இல்லாததால் அவளுடையதையே ஓட்டிக் காட்டினேன். கீபோர்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு. நன்றாக ஓடியது. எடுத்துக்கொண்டார்கள்.

மூளையில் ரத்தம் கட்டிவிட்டது, வலது கையும் பேச்சும் திரும்புவது கஷ்டம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஒயரை இழுத்தது நான். கட்டுரை எழுதியது நான். மாத்திரை கொடுத்தது நான். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையெல்லாம் நம்பியது யார்? நான் ஒருவன்தான் அந்தக் கல்லூரியில் எதையும் நம்பாதவன். தீட்டு என்றும் தூரம் என்றும் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்துகிற ஜனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஓங்கரிக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கம்பெனியில் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை, என் காலில் ஷூ இருக்கிறது, நீங்களே பாருங்கள். மேசை மேற்கு பார்த்து இருக்கிறது. ஒயர் என் பக்கமே இல்லை. காலையிலிருந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மேசை மிஷின், நீங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தீர்களே, அப்போது நின்றது. இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பிளக்கை அழுத்திப் பார்த்துவிட்டேன்.

தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் மேடம். அந்த நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொள்கிறீர்களா? உங்களுக்கு இன்று ஒன்றும் இல்லையே?